கொட்டவும் கூடாது

என் அக்கா கடலைக் காலடியால் அளப்பாள். காலையில் மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டப் போகும்போது, வாசலில் இருந்து ஈர மணல் வரை எண்ணிக்கொண்டே நடப்பாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன வருடம் நூற்றுக்கு மேல் இருந்ததாகச் சொல்வாள். நடுவில் இரண்டு வரிசை வீடுகள் வேறு இருந்தன. அவற்றைக் கடல் கொண்டுபோயிற்று. மூன்றாம் வரிசையில் இருந்த அக்கா வீடு முதல் வரிசை ஆனது. நான் சொல்ல வருகிற வருடம் தை மாதத்தில் அவள் கணக்கு பதினொன்று.

"பதினொண்ணுலே," என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். வேறு பேச்சு இல்லை. நான் ஊரின் மேட்டுப் பக்கம் படகு என்ஜின் ரிப்பேர் செய்கிறவன். கையில் கிரீஸோடு அந்த எண்ணைக் கேட்டால் அன்றைக்கு முழுக்க எவனைப் பார்த்தாலும் கத்துவேன். அவள் புருஷன் இல்லாதவள். பிள்ளைகள் வளைகுடாவில். என் வீட்டுக்கு வந்து இரு என்றால் வரமாட்டாள். "உனக்க வீட்டுல உனக்க சத்தத்துக்கு யாரு இருப்பா," என்பாள்.

எங்களுக்குக் கிழக்கே உள்ள ஊரில் தூண்டில் வளைவு போட்டார்கள். கடலுக்குள் வளைந்து போகிற கல்சுவர் அது. மேற்கே துறைமுகம் கட்டினார்கள். இரண்டு பக்கமும் கல் வந்தது. கரையோரமாக ஓடிவரும் மணல் அங்கங்கே தங்கிவிட்டது. நடுவில் இருந்த எங்களுக்கு மணல் வரவில்லை, கடல் மட்டும் வந்தது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். பெரிய படிப்பு படித்தவர்கள் வந்தார்கள், அளந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், இளநீர் குடித்தார்கள், போனார்கள்.

எங்களுக்கும் கல் போடுங்கள் என்று ஊரில் பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் கரமடிக்காரர்கள். கரமடி என்பது இருபது முப்பது பேர் கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற பெரிய வலை. அதற்கு மணல் வேண்டும். கல்லின் மேல் இழுத்தால் வலை கந்தல்தான். அப்போதுதான் மணல் திட்டம் வந்தது. மேற்கே துறைமுக வாயில் மணல் மேடிட்டுப் படகுகள் கவிழ்ந்துகொண்டிருந்தன. அந்த மணலைத் தோண்டி, குழாய் வழியாக எங்கள் கரையில் கொட்டுவது. அவர்களுக்கு வழி திறக்கும், எங்களுக்குக் கரை கிடைக்கும். அரசாங்கம் சொல்லி நான் கேட்டதில் புத்தியுள்ள யோசனை அது ஒன்றுதான்.

ஆனால் அனுமதி வேண்டும். கடற்கரையில் மணல் கொட்ட இத்தனை கையெழுத்து வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கடலோர ஒழுங்குமுறைக்கு ஒரு கமிட்டி. மீன்வளத்துக்குத் தனியாக ஒரு கடிதம். எங்கள் பக்க மணலில் கதிர் வீசும் கனிமம் உண்டு என்பதால் அதைச் சோதித்து ஒரு சான்று. ஆமை முட்டையிடும் மாதங்களில் கொட்டக்கூடாது. கொட்டுகிற மணலின் பருமனும் இங்கே கிடக்கிற மணலின் பருமனும் ஒத்துப்போக வேண்டும். ஊர் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். கடல் யாரிடமும் கையெழுத்து வாங்காமல் இரண்டு வரிசை வீடுகளைத் தின்றிருந்தது.

நாகர்கோவிலில் அந்தப் பைலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பெண் பொறியாளர். மதுரைப் பக்கத்துக்காரர். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். திங்கட்கிழமைதோறும் பட்டறையைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்துப் போய் அவர் மேஜை முன்னால் நின்று கத்துவேன்.

"பதினொண்ணு ஆயாச்சு மேடம். எப்பம் கையெழுத்து போடுவிய? வீடு போன பொறவு ஆறுதல் சொல்லவா வருவிய?"

"என்ன பதினொண்ணு?" என்று முதல் தடவை கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு நான் உள்ளே நுழைந்ததும் அவரே, "இன்னைக்கு எத்தனைங்க ஐயா?" என்பார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அதற்கும் சேர்த்துக் கத்தினேன். ஒரு நாள் அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது மேஜையில் கிடந்த டைரியைப் பார்த்தேன். பக்க ஓரத்தில் என் எண்கள் தேதி போட்டு வரிசையாக இருந்தன. பதினொன்று, பதினொன்று, பத்து, பத்து, ஒன்பது. அன்றைக்குக் கத்தாமல் வந்துவிட்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை வழக்கம்போல ஆரம்பித்தேன். "கமிட்டியில உள்ளவனுக்கெல்லாம் கண்ணு தெரியாதா? எவன் எங்க ஊரு பைலைத் திருப்பி அனுப்பினான்?"

அவர் பைலைத் திறந்து ஒரு ஜெராக்ஸ் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது யார் எழுதினதுன்னு தெரியுமாங்க?"

தெரியும். என் கையெழுத்து. கோழி கிண்டியது மாதிரி இருக்கும், மறக்க முடியாது.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தனியார் கம்பெனி எங்கள் கரையில் மணல் அள்ள வந்தது. கனிமத்தைப் பிரித்துக்கொண்டு மிச்ச மணலை இங்கேயே கொட்டிவிடுவோம், கரை அப்படியே இருக்கும் என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார்கள். சக்கையைக் கொட்டிவிட்டு, கரையைத் திருப்பித் தந்துவிட்டோம் என்பார்கள் என்று எங்களுக்குப் பயம். ஊர் திரண்டது. நானும் என் கூட்டாளியும்தான் முன்னால் நின்றோம். கிராம சபைத் தீர்மானத்தை நான்தான் எழுதினேன். ‘எங்கள் கடற்கரையில் இருந்து ஒரு கை மணலை அள்ளவும் கூடாது. வெளியில் இருந்து ஒரு கை மணலைக் கொட்டவும் கூடாது. இது எங்களுக்கும் எங்கள் சந்ததிக்கும் என்றென்றைக்கும் பொருந்தும்.’ கொட்டவும் கூடாது என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். கம்பெனி போய்விட்டது. அந்தத் தீர்மானத்தைப் பற்றிப் பல வருடம் பெருமையாகப் பேசித் திரிந்திருக்கிறேன்.

"கருத்துக் கேட்பில உங்க ஊர்க்காரர் ஒருத்தர் இதை இணைச்சு ஆட்சேபம் கொடுத்திருக்காரு," என்றார் பொறியாளர். "கிராம சபைத் தீர்மானம் அமல்ல இருக்கும்போது கமிட்டி எப்படிங்க மீற முடியும்? மீறுனா நீங்களே விடுவீங்களா?"

விடமாட்டேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"என்ன செய்யணும்?"

"சிறப்பு கிராம சபை கூட்டி மாத்துங்க. சித்திரைக்குள்ள வந்துட்டா அடுத்த கூட்டத்துல வச்சிரலாம். தவறினா மழைக்காலம் முடிஞ்சுதான் திரும்பப் பேசுவாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தேன். இத்தனை திங்கட்கிழமையும் நான் கத்தியது என்னைப் பார்த்தே கத்தவேண்டியது.

ஆட்சேபம் கொடுத்தவன் யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தத் தீர்மானத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருக்கக்கூடியவன் ஒருவன்தான். நேராக என் கூட்டாளி வீட்டுக்குப் போனேன். அவன் கரமடி வலை வைத்திருக்கிறவன். கரை இல்லாததால் வலை இரண்டு வருடமாக ஷெட்டில் கிடந்தது. அந்த வலையின் மேல் படுத்துக்கிடந்தான்.

"ஏலே, உனக்கு மூளை கலங்கிட்டா? மணலு வந்தா மொத ஆளா நீதாம்லே வலை இழுப்ப."

"மணலு வேணும். அவனுவ கொண்டாற மணலு வேண்டாம்."

"மணலுல என்னலே அவனுவ மணலு, இவனுவ மணலு?"

"இத்தன வருசமா நம்ம கடப்புறத்துக்கு எவனாவது மணலு குடுக்க வந்திருக்கானா? எல்லாவனும் எடுக்கத்தான் வந்தான். இப்பம் குடுக்கானாம். நீ நம்பு. எனக்கு வயசாச்சு, எனக்கு நம்ப முடியாது."

அவன் மனைவி புற்றுநோயில் போனாள். மணலில் உள்ளதுதான் அவளைக் கொன்றது என்று அவன் நம்புகிறான். உண்மையா பொய்யா, எனக்குத் தெரியாது. மருத்துவரும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. அவளைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவன் அலைந்ததைப் பார்த்தவன் நான். அதனால் திட்ட வாய் வந்தும் திட்டாமல் நின்றேன்.

"அக்கா வீடு போயிரும்லே."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "எனக்குத் தெரியாதா? எனக்க கல்யாணத்துக்குச் சோறு பொங்குனவா அவ." வலையைத் தள்ளிவிட்டு, "பேப்பரை விடு. குருசடிப் படியைத் தொட்டுச் சொன்னோம். அதுக்கு என்ன செய்வ?" என்றான்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் கையெழுத்து என்பது வெறும் பேச்சு. குருசடிப் படியைத் தொட்டுச் சொன்னால்தான் வாக்கு. கடற்கரையில் நாலு படி வைத்து, மேலே சிலுவை நட்ட சின்னக் கட்டடம் அது. தொழிலுக்குப் போகிறவன் தொட்டுவிட்டுத்தான் படகு ஏறுவான். வலைப் பங்கில் தகராறு வந்தால் அங்கே வந்துதான் சத்தியம். தொட்டுச் சொன்னதை மாற்ற வேண்டுமென்றால், சொன்ன ஆளே அதே படியைத் தொட்டு, ‘எடுத்துக்கிடுதேன்’ என்று சொல்ல வேண்டும். வேறு வழி இல்லை. பாதிரியார் சொன்னாலும் கலெக்டர் சொன்னாலும் செல்லாது. தீர்மானம் போட்ட அன்றைக்கு ஊர் முழுக்க வரிசையில் நின்று அந்தப் படியைத் தொட்டது. தொட வைத்ததும் நான்தான்.

இப்போது அந்தக் குருசடி கடலுக்குள் கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் சாய்ந்தது. சிலுவையை மட்டும் எடுத்துக் கோயிலில் வைத்திருக்கிறார்கள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் சிறப்பு கிராம சபை கூடியது. முன்கூட்டியே பூசையில் வாசித்தார்கள், வாட்ஸ்அப்பிலும் போட்டார்கள். ஊராட்சிச் செயலர் பதிவேட்டோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பொறியாளரும் வந்திருந்தார். விடுமுறை நாளில் அத்தனை தூரம் அவர் வரவேண்டிய கட்டாயம் இல்லை. வெயிலில் பைலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் எழுந்தேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. "கொட்டவும் கூடாதுன்னு எழுதினது நானாக்கும்," என்றேன். "அப்பம் அது சரி. இப்பம் அது எனக்க அக்காளுக்க கழுத்தைப் பிடிக்கு. நான் எழுதினதை மாத்தணும். அவ்வளவுதான்."

"அன்னைக்கு நீதானே எங்களை வரிசையில நிறுத்தின," என்று ஒரு பெண் கேட்டாள். "இன்னைக்கு இதை மாத்தச் சொல்லுத, நாளைக்கு எதை மாத்தச் சொல்லுவ?"

"கம்பெனிக்காரன் இவனுக்குப் புது என்ஜின் வாங்கிக் குடுத்திருப்பான்," என்று பின்னால் ஒருவன் சொன்னான். சிரிப்பு எழுந்தது. அடிக்கப் போயிருப்பேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாள்.

என் கூட்டாளி எழுந்தான். அவன் ஊரைப் பார்க்கவில்லை. பொறியாளரைப் பார்த்துக் கேட்டான். "மேடம், நீங்க மணலு கொட்டுதிய. ரெண்டு வருசம் கழிச்சு ஒருத்தன் வந்து, இது அரசாங்கம் கொட்டின மணலு, உங்க மணலு இல்லன்னு சொல்லி அள்ளினா, நீங்க வந்து தடுப்பியளா?"

வேறு யாராக இருந்தாலும் தடுப்போம் என்று சொல்லியிருப்பார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"நான் அப்ப எந்த ஊர்ல வேலை பார்ப்பேன்னு எனக்கே தெரியாதுங்க. அதனால என்னை நம்பாதீங்க. அள்ளக்கூடாதுங்கற பாதியை அப்படியே வச்சுக்குங்க. வெளியில இருந்து வந்த மணலையும் அள்ளக்கூடாதுன்னு சேர்த்து எழுதிக்குங்க. கொட்டக்கூடாதுங்கறதை மட்டும், இந்த ஒரு திட்டத்துக்கு, சோதனை செஞ்ச மணலுக்கு மட்டும் தளர்த்துங்க. எனக்கு அது போதும்."

இத்தனை மாதம் திங்கட்கிழமைகளில் நான் நின்று கத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட இப்படி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

"எழுதலாம்," என்றான் கூட்டாளி. "ஆனா தொட்டுச் சொன்னதுக்கு என்ன செய்ய? படி எங்க இருக்கு?"

அக்கா எழுந்தாள். "எங்க இருக்கா? எனக்க வீட்டு வாசலுக்கு நேர கெடக்கு. தெனமும் பாக்கேன். மேல ரெண்டு படி போச்சு, கீழ ரெண்டு படி உண்டு. இப்பம் நீர் இறங்கின நேரம், முழங்கால் அளவுதான். கடலுக்குப் போற ஆம்பிளைகளுக்கு முழங்கால் வெள்ளத்துல இறங்கப் பயமாலே?"

அவ்வளவுதான். அவளே முன்னால் நடந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நான் அடுத்து இறங்கினேன். காலால் தடவிக் கண்டுபிடித்தேன். பாசி பிடித்து வழுக்கியது. குனிந்து கையால் தொடும்போதே ஓர் அலை வந்து வாயில் உப்பைத் தள்ளியது. "எடுத்துக்கிடுதேன்," என்றேன். துப்பிவிட்டு இன்னொரு தடவை தெளிவாகச் சொன்னேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். செத்துப்போனவர்களுக்காகப் பிள்ளைகள் தொட்டார்கள். என்னைக் கேள்வி கேட்ட பெண்ணும் தொட்டாள். என்ஜின் வாங்கிக் கொடுத்திருப்பான் என்று சொன்னவன் வழுக்கி விழுந்தான், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் கூட்டாளி இறங்கினான். படியைத் தொட்டு, "பாதியைத்தான் எடுத்துக்கிடுதேன்," என்றான். "பாதி அங்கேயே கெடக்கட்டும்." பொறியாளர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அவர் பைலில் இதை எந்த இடத்தில் எழுதுவார் என்று யோசித்தேன். பிறகு எல்லோரும் ஈரக் கையோடு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போட்டார்கள். செயலர் தாளை ஊதி ஊதிக் காயவைத்தார்.

புதுத் தீர்மானத்தையும் என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பொறியாளர் வாசித்துப் பார்த்து இரண்டு இடத்தில் அடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனியில் அனுமதி வந்தது. அவரே போன் செய்தார். "வந்துருச்சுங்க ஐயா," என்றவர், நான் ஏதாவது சொல்வதற்குள், "ஆனா கடல் இப்படி இருக்கும்போது தோண்டுற கப்பல் வராது. புரட்டாசிக்குத்தான்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "இன்னைக்கு எத்தனைங்க?"

"மூணு," என்றேன்.

ஆடியில் கடல் ஏறியது. மூன்று நாள் நின்று அடித்தது. மணல் மூட்டை அடுக்கினோம். ஊரே வந்து நின்றது, கூட்டாளி ஷெட்டில் கிடந்த பழைய கயிற்றை எல்லாம் கொண்டுவந்து மூட்டைகளைக் கட்டினான். இரண்டாம் நாள் மத்தியானம் அக்காவின் முன்அறையும் அதை ஒட்டிய அடுக்களையும் சரிந்தன. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அனுமதிக் கடிதத்தின் நகல் என் சட்டைப்பையில் இருந்தது. அடுக்களை கடலில் இருந்தது. அக்கா கையில் ஒரு மீன்சட்டியோடு மேட்டில் நின்றாள்.

"இனி எண்ண வேண்டாம்," என்றாள்.

அவளை என் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். இரண்டு மாதம் இருந்தாள். நான் சத்தம் போடாமல் இருக்க முயற்சி செய்தேன். "நீ இப்பிடி மிண்டாம இருந்தா எனக்குப் பயமாட்டு இருக்கு, எதையாவது திட்டு," என்றாள். திட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் யாரும் ஞாபகம் வரவில்லை. நான் அந்த வரியை எழுதாமல் இருந்திருந்தால் அனுமதி முன்னமே வந்து, ஆடிக்கு முன் மணலும் விழுந்திருக்கும். இதை அவளிடம் ஒரு தடவை சொன்னேன். "அப்பம் நீ எழுதலன்னா கடப்புறத்தையே அள்ளிட்டுப் போயிருப்பான்," என்றாள். "போய் சோலியப் பாரு."

புரட்டாசியில் குழாய் வந்தது. கறுப்புச் சேறாகக் கொட்டியது. ஊரே நாறியது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு போய் பொறியாளரிடம், "இதுக்கா நான் வெள்ளத்துல இறங்கினேன்?" என்று சண்டை பிடித்தாள். வெயில் பட்டதும் நிறம் மாறும் என்றார் அவர். மாறியது. சில வாரத்தில் எங்கள் மணலுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அக்கா மிச்சமிருந்த பின்அறைக்குத் திரும்பிப் போனாள். முன்பக்கம் ஹாலோ பிளாக் வைத்து அடைத்து, ஒரு கதவு போட்டுக் கொடுத்தேன். ஒற்றை அறை, அடுப்பும் அதற்குள்தான்.

கூட்டாளி கரமடி இழுத்த முதல் நாள், ஒரு சருவம் நிறைய சாளை கொண்டுவந்து அவள் வாசலில் வைத்தான்.

"மணலு போட விடமாட்டேன்னு நின்னவனுக்க மீனு எனக்கு வேண்டாம்," என்றாள் அக்கா.

"வேண்டாம்னா பூனைக்குப் போடு," என்றான் அவன். போகாமல் நின்றான். அவள் சருவத்தை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, "வெட்டித் தந்தாத்தான் என்னலே?" என்று கத்தியை நீட்டினாள். உட்கார்ந்து வெட்டினான்.

கொட்டிய மணல் நிரந்தரம் இல்லை. இதைப் பொறியாளர் முதலிலேயே சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் கல் இருக்கிறவரை கடல் மணலைக் கொண்டுபோய்க்கொண்டேதான் இருக்கும், சில வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி கொட்ட வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் மறுபடி அனுமதி வேண்டும். அவருக்கு இப்போது வேறு மாவட்டத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது. புதிதாக வந்தவரை இரண்டு திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். கத்தவில்லை. இன்னும் கத்தவில்லை என்று சொல்வதுதான் சரி.

மணல் கொட்டி முடித்த அன்றைக்கு அக்கா மறுபடி எண்ணினாள். புதுக் கதவில் இருந்து அறுபத்திரண்டு. போன மாதம் ஐம்பத்தைந்து. இன்றைக்குக் காலையில் கிரீஸ் கையோடு போனை எடுத்தேன்.

"நாப்பத்தொம்பதுலே," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கையைக் கழுவிவிட்டு, அடுத்த மனுவை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் அதைக் கூட்டாளியிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும். அவன் வாசிக்காமல் இனி எதையும் நான் அனுப்புவதில்லை.